நவம்பர் முதலாம் திகதிப் பேப்பர்கள்

ராசா,

நீயும் அபிராவும் கல்யாணப் பதிவுக்கு ஒக்டோபர் முப்பத்தொன்றைத் தெரிவு செய்த அன்று, "அம்மா, பிறந்தநாளும் கல்யாண நாளும் ஒண்டாய் வந்தா எனக்கு ஒருநாளும் மறக்காது" என்று தொலைபேசியில் சிரித்தாய். நானும் சிரித்தேன். பிறகு குசினிக்குள் போய், அடுப்பில் ஒன்றும் இல்லாமலே கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போன சனிக்கிழமை அபிரா வீட்டுக்கு வந்தாள். மண்டபத்தில் பத்து மேசை போடுகிறாளாம். ஒவ்வொரு மேசைக்கும் எண்பதுகளில் ஒரு வருடம். அந்த வருடம் உன் பிறந்தநாளில் வந்த பேப்பரின் முதல் பக்கம், அந்தக் கிழமை வானொலியில் முன்னுக்கு நின்ற பாட்டு, தியேட்டரில் ஓடிய படம், பக்கத்தில் உன் போட்டோ ஒன்று. "மாமி, நான் பழைய பேப்பர் வைச்சிருக்கிற ஆர்கீவிலை கேட்டிட்டன். முப்பத்தோராம் திகதிப் பேப்பர் எல்லாம் கொப்பி எடுத்துத் தருவினம். நீங்கள் இவரின்ரை சின்ன வயசுப் படங்களை மட்டும் தேடித் தாங்கோ" என்றாள். நல்ல பிள்ளை. ஒரு வேலையைத் தொட்டால் முடித்துவிட்டுத்தான் கையைக் கழுவுவாள்.

படங்கள் அலுமாரிக்கு மேலே, குளிர்காலச் சப்பாத்து வந்த பெரிய பெட்டிக்கு அடியில் இருந்தன. படங்களை எடுத்துக் கொடுத்தேன். பெட்டியைத் திறக்கவில்லை. அவள் போன பிறகுதான் திறந்தேன். அதற்குள் ஐந்து பேப்பர்கள் இருக்கின்றன. ஐந்தும் எண்பதுகளில் வந்தவை. ஐந்தும் நவம்பர் முதலாம் திகதிப் பேப்பர்கள். ஏனென்றால், ராசா, நீ பிறந்தது நவம்பர் முதலாம் திகதி.

சுற்றிவளைக்காமல் சொல்லிவிட்டேன். இனிச் சுற்றிவளைத்தும் சொல்கிறேன், பொறுமையாக வாசி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதாம் ஆண்டு, யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரி, சனிக்கிழமை விடியற்காலை நாலு மணி. வெள்ளி பின்னேரம் தொடங்கிய வலி. உன் அப்பா வாசலில் போட்டிருந்த மர வாங்கில் இருந்து நுளம்படித்துக்கொண்டிருந்தார். நீ வந்து அழுதபோது வெளியே இன்னும் இருட்டு. விடிந்ததும் எதிர்த் தேநீர்க்கடை வானொலியில் சினிமாப் பாட்டுப் போட்டார்கள். என்ன பாட்டு என்று அபிரா நிச்சயம் கேட்பாள். எனக்கு ஞாபகமில்லை என்று சொல்லிவிடு. பிள்ளை பெற்ற களைப்பில் எந்தப் பாட்டும் நல்ல பாட்டுத்தான். அப்பா பாண் வாங்கி வந்தார். பாணைச் சுற்றியிருந்த பேப்பரில் ஈரான், ஈராக் சண்டை, அமெரிக்கத் தேர்தல், கீழே ஒரு பெரிய சினிமா விளம்பரம். அதை நான் கையில் எடுத்து, முழங்கைவரை வளையல் போட்ட கதாநாயகியின் முகத்தை உனக்குக் காட்டினேன். நீ கண்ணே திறக்கவில்லை.

சாதகம் எழுதினவர் "வெள்ளிக்கிழமை இரவு" என்று எழுதினார். அதில் பிழையில்லை. நம்முடைய கணக்கில் சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள். விடிய நாலு மணி என்றால் இன்னும் வெள்ளிதான். ஆஸ்பத்திரிக் கணக்கில் நள்ளிரவு தாண்டிவிட்டது, ஆகவே சனி, முதலாம் திகதி. பிறப்புச் சான்றிதழிலும் அப்படித்தான் இருந்தது. பெண்களாகிய நாங்கள் பிள்ளை பெற்ற நேரத்தை வலியால் ஞாபகம் வைத்திருப்போம். உன் அப்பா சாதகத்தால் ஞாபகம் வைத்திருந்தார். அங்கேதான் எல்லாம் தொடங்கியது.

ஊரில் உன் பிறந்தநாளை ஒழுங்காக முதலாம் திகதிதான் கொண்டாடினோம். நூலகம் எரிந்த வருடம் உனக்கு ஒரு வயது. அடுத்த வருடம் தேர்தல் முடிந்து சுவரொட்டிகள் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தன. அயலில் ஒரு வீட்டுக்குத் தொலைக்காட்சிப் பெட்டி வந்திருந்தது. உன்னைப் புதுச் சட்டையோடு தூக்கிக்கொண்டு போய் அதற்கு முன்னால் இருத்தினேன். நீ படத்தை விட்டுவிட்டுப் பெட்டிக்குப் பின்னால் போய் ஆட்களைத் தேடினாய். எண்பத்துமூன்றைப் பற்றி எழுத மாட்டேன். அந்த வருடம் ஆடிக்குப் பிறகு யாரும் கேக் வெட்டவில்லை. அடுத்த தையில் அப்பா வெளிக்கிட்டார். எண்பத்துநாலில் உன் பிறந்தநாளுக்கு முதல்நாள் இந்தியப் பிரதமரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். முதலாம் திகதி முழுக்க வானொலியில் சோக வாத்தியம். வீதியெல்லாம் கறுப்புக் கொடி. "ஆரம்மா செத்தது?" என்று கேட்டாய். "ஒரு அம்மா" என்றேன். "எங்கடை அம்மா இல்லைத்தானே?" என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டாய். அப்பா சுவிஸில் பாசல் நகரத்தில் இருந்து எழுதிய கடிதத்திலும் அதே செய்திதான். கடைவாசல் எங்கும் அந்த அம்மாவின் படம் தொங்கியதாம், முதன்முதலாக ஒரு பேப்பரை வாசிக்காமலே விளங்கிக்கொண்டாராம். கடைசியில், "மகனுக்கு நேற்றுப் பிறந்தநாள், நினைத்துக்கொண்டேன்" என்று எழுதியிருந்தார். கடிதத்தின் தலையில் முதலாம் திகதி என்று இருந்தது. மனுசன் திகதி மறந்து எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். உண்மையில் அப்போதே அவர் இங்கே உன் திகதியைப் பதிந்துவிட்டார். அகதி விசாரணையில் கேட்டபோது, ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை என்று சாதகத்தை நினைத்து, விரலால் எண்ணி, ஒக்டோபர் முப்பத்தொன்று என்று சொல்லியிருந்தார்.

நானும் நீயும் எண்பத்தைந்து கோடையில் வந்து சேர்ந்தோம். கடதாசி ஒன்றும் கொண்டுபோகக் கூடாது என்று கூட்டிவந்தவன் சொன்னதால், பிறப்புச் சான்றிதழும் சாதகமும் ஊரிலேயே நின்றுவிட்டன. விசாரணைக்கு இரண்டு நாள் இருக்கும்போது அப்பாவும் நானும் பேச்சுவாக்கில் உன் பிறந்தநாளைப் பற்றிக் கதைத்தோம். அப்போதுதான் இரண்டு பேரின் திகதியும் வேறு வேறு என்று தெரிந்தது. அகதிகள் தங்கிய அந்த வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்லிப் பயமுறுத்துவார்கள். புருசன் வீட்டுப் படலை பச்சை என்றானாம், பெண்சாதி நீலம் என்றாளாம், இரண்டு பேரையும் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "படலை நிறத்துக்கே அப்பிடியெண்டா, பிள்ளையின்ரை பிறந்தநாள் மாறினா என்ன செய்வாங்கள்? இது இவங்கடை பிள்ளைதானோ எண்டு கேப்பாங்கள்" என்றார் அப்பா. "அப்ப நீங்கள் போய்த் திருத்துங்கோவன்" என்றேன். "திருத்தினா நான் சொன்ன மிச்சம் எல்லாம் பொய்யெண்டுவாங்கள். நீர் முப்பத்தொண்டெண்டே சொல்லும். ஒரு நாள்தானே, என்ன குறைஞ்சு போகுது?"

ஒரு நாள்தானே. பெற்றவளிடம் சொல்கிற கதையா இது? ஆனாலும் ஓம் என்றேன். பயம் வந்தால் புத்தி முழங்காலுக்கு இறங்கிவிடும்.

அந்த விசாரணை மேசை எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. அந்தப் பக்கம் ஒரு உத்தியோகத்தர், மரியாதையான மனிதர். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ்ப் பெண். நீ என் மடியில். "மகன்ரை பிறந்த திகதி?" என்று அவள் கேட்டாள். நான் மனப்பாடம் பண்ணியபடி, "ஒக்டோபர் முப்பத்தொண்டு" என்றேன். நீ திரும்பி என் முகத்தைப் பார்த்தாய். பாலர் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை அப்படியே, உரத்த குரலில் சொன்னாய்: "இல்லையம்மா! நவம்பர் முதலாம் திகதி!"

நான் மேசைக்குக் கீழே உன் தொடையில் கிள்ளினேன். சாதாரணக் கிள்ளு இல்லை. நகம் பதியக் கிள்ளினேன். நீ வீரிட்டு அழுதாய். உத்தியோகத்தர் பேனையை நிறுத்திவிட்டு, பிள்ளை என்ன சொல்கிறது என்று கேட்டார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். உன்னைப் பார்த்தாள். பிறகு அவரிடம் ஜெர்மன் பாஷையில் என்னவோ சொன்னாள். அவர் எழுந்து போய் ஒரு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து உன் கையில் தந்தார். அவ்வளவுதான். வெளியே வரும்போது அவள் என்னோடு ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. அவளுடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. நம் குடும்பம் இந்த நாட்டில் இருப்பதற்கு அந்தக் கிளாஸ் தண்ணீரும் ஒரு காரணம்.

ராசா, சரியானதைச் சொன்னதற்காக உன்னைக் கிள்ளினவள் நான். அதற்குப் பிறகு நீ பொய் சொன்ன ஒவ்வொரு முறையும் உன்னை ஏச வாயெடுத்து, பாதியில் நிறுத்தியிருக்கிறேன். "அம்மா லேசிலை ஏச மாட்டா" என்று நீ அபிராவிடம் பெருமையாகச் சொன்னாயாம். காரணம் இதுதான்.

அந்த வருடம் ஒக்டோபர் முப்பத்தொன்று வந்தது. பாசலில் இலையுதிர்காலச் சந்தை நடந்துகொண்டிருந்தது. உன்னைக் கூட்டிக்கொண்டு ட்ராமில் போய், பேராலய முற்றத்து இராட்டினத்தில் ஏற்றி, "இண்டைக்கு உன்ரை பிறந்தநாளெல்லோ" என்றேன். "நாளைக்கெல்லோ அம்மா?" என்று கேட்டாய். "இல்லை, இண்டைக்குத்தான். இஞ்சை இண்டைக்குத்தான்" என்றேன். அடுத்த நாள் எழும்பிவந்து சத்தமில்லாமல் குசினியில் நின்றாய். எனக்குத் தாங்கவில்லை. பாயசம் வைத்தேன். ஏன் பாயசம் என்று அப்பா கேட்டதற்கு, "பால் மிஞ்சிப்போச்சு" என்றேன். அன்றிலிருந்து வருடா வருடம் நவம்பர் முதலாம் திகதி நம் வீட்டில் பால் மிஞ்சியது. "அம்மா, உங்களுக்குப் பால் கணக்கு வராது, எப்பவும் ஒரு நாள் பிந்தித்தான் பாயசம்" என்று நீ வளர்ந்த பிறகு பகிடி பண்ணுவாய். பண்ணு, பண்ணு என்று விட்டுவிடுவேன்.

பேப்பர் சேர்த்ததும் அந்த நாளில்தான் தொடங்கியது. கீழ் வீட்டுச் சுவிஸ்காரப் பெண் ஃப்ராவ் ஷ்மிட் வாசித்து முடித்த பேப்பர்களை, இந்த ஊர்ச் சனங்கள் எல்லாரையும் போல, அச்சுப் பிசகாமல் அடுக்கி, நூலால் குறுக்கும் நெடுக்கும் கட்டிப் படியில் வைப்பார். நான் களவாக அந்தக் கட்டை அவிழ்த்து முதலாம் திகதிப் பேப்பரை உருவினேன். திரும்ப அவரைப் போலக் கட்ட எனக்கு வரவில்லை. அடுத்த வருடத்தில் இருந்து அந்த ஒரு பேப்பர் மட்டும் எங்கள் தபால்பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். ஏன் என்று அவர் கேட்டதேயில்லை. முடிச்சுத்தான் என்னைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டும்.

எண்பத்தைந்து பேப்பரின் முன்பக்கத்தில் ஜெனீவா. உலகத்தின் இரண்டு பெரிய தலைவர்கள் அந்த மாதம் அங்கே சந்திக்க இருந்தார்கள். அவர்கள் ஒத்துப்போகாவிட்டால் அணுகுண்டு விழும் என்று எல்லாரும் பயந்தார்கள். நானும் உன் அப்பாவும் அந்த மாதம் இரண்டு அறை வீட்டில் கதைபேச்சில்லாமல் இருந்தோம். எங்களுக்கு யாரும் மாநாடு கூட்டவில்லை. உள்ளே நிறநிறமான பிளாஸ்டிக் கைக்கடிகார விளம்பரம், தலைமுடியைக் கோபுரமாக எழுப்பிய பாட்டுக்காரர்களின் படம். அவர்களுக்குத் தலையில் என்ன வருத்தமோ என்று அப்போது உண்மையாகவே நினைத்தேன்.

எண்பத்தாறை நீ மறந்திருக்க மாட்டாய். சனிக்கிழமை, விடிய நாலு மணிக்குக் கிட்ட, நீ பிறந்த அதே நேரத்தில், ஊர் முழுக்கச் சைரன். வெளியே ஒலிபெருக்கி வண்டி ஏதோ சொல்லிக்கொண்டு போனது, ஒரு சொல்லும் விளங்கவில்லை. அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விட்டார். பாவம், ஊர்ப் பழக்கம். ஃப்ராவ் ஷ்மிட் தலைமுடி சுருட்டும் குழல்களோடு மேலே ஓடிவந்து, மூக்கைப் பொத்திக் காட்டி, ஜன்னலைக் காட்டி, பூட்டு பூட்டு என்று கையால் சொன்னார். நகரத்துக்கு வெளியே ரைன் ஆற்றங்கரையில் ஒரு இரசாயனக் கிடங்கு எரிந்துகொண்டிருந்தது. கூழ்முட்டை நாற்றம். ஈரத் துவாயால் ஜன்னல் இடுக்கை எல்லாம் அடைத்தேன். குண்டுக்குத் தப்பி வந்து இங்கே புகையில் போகப்போகிறோம் என்றுதான் நினைத்தேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த யோசனையைக் கேள்: செத்தால் பிள்ளையின் கல்லறையில் பிழையான திகதியை எழுதுவார்களே. உன் காதுக்குள் குனிந்து, "ராசா, இண்டைக்குத்தான் உன்ரை பிறந்தநாள்" என்றேன். நீ அரைக்கண்ணைத் திறந்து, "அது நேற்று முடிஞ்சுதெல்லோ அம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாய். ஒரு வருடத்தில் முழுதாக மறந்துவிட்டாய். ஏழு மணிக்கு ஆபத்து நீங்கியது என்றார்கள். ஆறு சிவப்பாக ஓடியது, மீன்கள் செத்து மிதந்தன. நான் அழுதது மீனுக்காக என்று நீ நினைத்தாய். அந்த நாள் பேப்பரை விரித்துப் பார், அதில் தீயைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. முதல்நாளே அச்சடித்து முடித்த பேப்பருக்கு அன்றைக்கு நடக்கப்போவது எப்படித் தெரியும்?

அடுத்த வருடம் முதலாம் திகதி ஞாயிற்றுக்கிழமை. ஃப்ராவ் ஷ்மிட்டின் பேப்பர் வராத நாள். ஊரில் இந்திய இராணுவம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தது, அங்கிருந்த என் அக்காவுக்குத் தொலைபேசி எடுக்க வழியில்லை. பாயசத்துக்குச் சவ்வரிசி கழுவிக்கொண்டிருந்தபோது அப்பா வெளியே போய், தெருமுனைப் பேப்பர் பெட்டியில் ஒரு ஞாயிறுப் பேப்பர் எடுத்து வந்து மேசையில் வைத்தார். அன்றுதான் தெரிந்தது, இந்த மனுசன் நான் பேப்பர் சேர்க்கிற பெட்டியையும் பார்த்திருக்கிறார், பாயசத்தையும் விளங்கியிருக்கிறார் என்று. இரண்டு பேருமாக ஒவ்வொரு பக்கமாகத் தேடினோம். ஒரு மூலையில் நாலு வரிக்குள் 'யாழ்ப்பாணம்' என்ற சொல் இருந்தது. அதைச் சுற்றி அப்பா பேனையால் வட்டம் போட்டார். அடுத்த பக்கம் முழுக்க ஒரு பாட்டுக்காரியின் காதணி. அன்றைக்கு எனக்கு அவள் மேல் வந்த கோபம் இருக்கிறதே! இப்போது பார்க்கிறேன், பாவம், சின்னப் பெண்.

எண்பத்தெட்டுப் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு ஓட்டை. நீதான் வெட்டினாய். செம்பட்டைத் தலை டென்னிஸ்காரனை வெட்டிக் கட்டிலுக்கு மேல் ஒட்டினாய். அபிரா அந்த வருடத்து மேசைக்கு ஓட்டையை அப்படியே வைக்கலாம். எண்பத்தொன்பதில் முன்பக்கத்தில் கிழக்கு ஜெர்மனி. சனம் எல்லை தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. மதில் விழ இன்னும் ஒரு கிழமைக்கு மேல் இருந்தது. அந்தப் பேப்பருக்கு அதுவும் தெரியாது. அந்த இலையுதிர்காலத்தில்தான் எங்களுக்கு வதிவிட அனுமதி வந்தது.

அத்தோடு பயம் முடிந்திருக்க வேண்டும். அடுத்த நாளே உன்னை இருத்திச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பிறகு குடியுரிமைக்கு எழுதும்போது சொல்லலாம் என்று விட்டேன், பிறகு நீ பல்கலைக்கழகம் முடிக்கட்டும் என்று விட்டேன். பயத்தில் சொன்ன பொய்யை ஒருவேளை மன்னிக்கலாம். பயம் போன பிறகும் வசதிக்காக வைத்திருந்த பொய்க்கு என்ன நியாயம்? உங்கள் கல்யாணப் பேச்சு வந்தபோது, "இந்தக் காலத்திலை ஆர் சாதகம் பாக்கினம்" என்று நான் முற்போக்காகக் கதைத்தேனே, சம்பந்தி வீட்டார்கூட மெச்சினார்களே, அதுவும் இதற்குத்தான். புதிதாகச் சாதகம் எழுதுவித்தால் அன்றே பிடிபட்டிருப்பேன்.

கல்யாணம் கட்டப்போகிற உனக்கு அறிவுரை என்று ஒன்று சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். உலகத்தின் மேசைக்கு முன்னால் சில வேளை நீங்கள் இரண்டு பேரும் ஒரே கதையைச் சொல்ல வேண்டிவரும். சொல்லுங்கள். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அதே கதையைத் தொடராதீர்கள். அபிரா ஒன்றைச் சொல்ல, "ஒரு நாள்தானே" என்று நீ ஒருபோதும் சொல்லாதே. அவளுக்கு அது எந்த நாள் என்று முதலில் கேள்.

இதை எழுதப்போகிறேன் என்று நேற்று அப்பாவிடம் சொன்னேன். பிறகு ஒரு துண்டுக் கடதாசியோடு குசினிக்கு வந்தார். "இஞ்சை பாரும். ஊருக்கும் இஞ்சைக்கும் இப்ப நாலரை மணித்தியாலம் வித்தியாசம். அங்கை விடிய நாலு மணியெண்டா, இஞ்சை முதல்நாள் இரவு பதினொண்டரை. அப்ப இந்த நாட்டுக் கணக்கிலை பிள்ளை பிறந்தது முப்பத்தோராம் திகதிதானே! நான் சொன்னது சரி!" முகத்தில் பரீட்சை பாஸ் பண்ணின சந்தோசம். "ஓமோம். நான் பிள்ளையை என்ன ட்ராமுக்குள்ளையோ பெத்தனான்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். சிரித்தபடியே கண்ணைத் துடைத்தார். "நீர் சொல்லுறதுதான் சரி. பிள்ளையிட்டை நானும் மன்னிப்புக் கேட்டனெண்டு எழுதும்" என்றார். எழுதிவிட்டேன்.

கடவுச்சீட்டை மாற்று என்று கேட்கவில்லை. அந்தத் திகதியோடு வளர்ந்தவன் நீ, அதை வைத்திருப்பதும் விடுவதும் உன் விருப்பம். அபிராவின் மேசைகளில் அவள் எடுத்த பேப்பர்களே இருக்கட்டும். இந்த ஐந்தையும் அவளிடம் கொடு. பக்கத்தில் வைப்பதா வேண்டாமா என்று அவள் முடிவெடுப்பாள். இந்த வீட்டில் இனி முடிவெடுக்கப்போவது யார் என்று எனக்குத் தெரியாதா?

அப்பாவின் கணக்கை நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் அவர் போன பிறகு அந்தத் துண்டுக் கடதாசியை எடுத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கல்யாணத்தன்று இரவு நீங்கள் ஆடிக்கொண்டிருப்பீர்கள். மண்டபத்து மணிக்கூட்டில் பதினொன்றரை ஆகும். இங்கே முப்பத்தோராம் திகதி, ஊரில் அதே நிமிடம் முதலாம் திகதி விடிய நாலு மணி. அப்போது நான் கூட்டத்துக்குள்ளால் வந்து உன் பக்கத்தில் நிற்பேன். பாட்டை நிறுத்தச் சொல்லாதே. கொஞ்சம் குனி, போதும், நீ என்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டாய். உன் காதுக்குள், "ராசா, இப்பதான் நீ பிறந்தனி" என்று சொல்வேன். அன்று அந்த மேசையில் நீ சொன்னதை, அதே குரலில், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, இன்னொரு முறை சொல்.

இந்த முறை கிள்ள மாட்டேன்.

அம்மா